எல்லைக்கோடு காத்திருக்கட்டும்

1984 ஜூன் 12-ம் தேதி ஈரானும் ஈராக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. போரின் நான்காம் ஆண்டு அது. ஷத் அல் அரப் ஆற்றில் எல்லை கரையோரமாகப் போகிறதா, நடு நீரோட்டத்தில் போகிறதா என்ற பழைய தகராறில் யாரும் ஒரு அடிகூட இறங்கி வந்திருக்கவில்லை. சமாதானம் என்ற பேச்சையே தெஹ்ரான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மக்கள் வாழும் ஊர்களின் மேல் குண்டு போடுவதில்லை என்று இரு அரசுகளும் ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாவியர் பெரெஸ் டி குவெய்யாரிடம் வாக்குக் கொடுத்தன. ஒரு வாரம் முன்புதான் ஈராக் விமானங்கள் ஈரானின் பானே நகரத்தைத் தாக்கி ஏராளமான பேரைக் கொன்றிருந்தன. போர்முனையில் சண்டை எப்போதும்போல நடந்தது. ஊர்களின் மேல் மட்டும் நின்றது.

பாக்தாத்திலும் தெஹ்ரானிலும் ஐ.நா.வின் சிறிய குழு ஒவ்வொன்று உட்கார்ந்தது. சில ராணுவ அதிகாரிகளும் ஓர் ஐ.நா. ஊழியரும், அவ்வளவுதான். எங்கள் ஊரை அடித்துவிட்டார்கள் என்று புகார் வந்தால் போய்ப் பார்த்து எழுதுவது அவர்கள் வேலை. தண்டிக்கிற அதிகாரம் எதுவும் கிடையாது. அப்படியும் 1985 மார்ச் வரைக்கும், ஏறக்குறைய ஒன்பது மாதம், அந்த வாக்கு பெரும்பாலும் நின்றது.

எங்காவது எல்லையில் சண்டை மூண்டால் அதை நிறுத்த எழுதப்படும் தாள்களைத் தேடிப் படிப்பது என் வழக்கம். யார் எந்தக் குன்றைப் பிடித்தார்கள் என்பதைவிட அந்தத் தாள்களில்தான் எனக்கு ஆர்வம். அப்படிப் படித்துப் படித்து எனக்கு உறுதியானது ஒன்று உண்டு. போர் முடிந்தால்தான் சனங்களுக்குப் பாதுகாப்பு என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். தலையங்கங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் எல்லைத் தகராறு தீர முப்பது வருஷம்கூட ஆகும். ஊர்மேல் ஷெல் விழாமல் பார்த்துக்கொள்வதைத் தனியாகப் பேசலாம், முன்கூட்டியே பேசலாம், தகராறில் ஒரு எழுத்துகூட மாறாமலே பேசி முடிக்கலாம். பலமுறை முடித்தும் இருக்கிறார்கள். அதை யாரும் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

எத்தியோப்பியா–எரித்ரியா போரை எடுத்துக்கொள்வோம். 1998 மே மாதம் பாட்மே என்ற வறண்ட எல்லை ஊரில் தொடங்கியது. எண்ணெயும் கிடையாது, தங்கமும் கிடையாது. ஜூன் 5-ம் தேதி எத்தியோப்பிய விமானங்கள் எரித்ரியத் தலைநகர் அஸ்மராவின் விமான நிலையத்தை அடித்தன. அதே நாள் எரித்ரிய விமானங்கள் எத்தியோப்பியாவின் மெக்கெல்லே விமான நிலையத்தைக் குறிவைத்துக் கிளம்பின. அவை போட்ட கொத்துக்குண்டுகள் (ஒவ்வொன்றும் பல சிறுகுண்டுகளாகச் சிதறுபவை) விழுந்தது ஐடர் என்ற குடியிருப்பில், ஒரு பள்ளிக்கூடத்தின் மேல். பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் பிள்ளைகளைத் தூக்க ஓடிவந்தார்கள். அப்புறம் வந்த விமானமும் அங்கேயே போட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

பல வருஷம் கழித்து, இந்தப் போரின் நஷ்டஈட்டுக் கோரிக்கைகளை விசாரித்த ஆணையம் இந்தச் சம்பவத்தை வரிவரியாக ஆராய்ந்தது. பள்ளிக்கூடத்தை வேண்டுமென்றே அடித்தார்கள் என்று அது சொல்லவில்லை. விமானிகளுக்கு அனுபவம் போதாது, விமானத்தின் கணினியில் இலக்கைப் பதிந்தவர்களுக்கும் போதாது, சாத்தியமான முன்னெச்சரிக்கையை எரித்ரியா எடுக்கவில்லை, அதனால் அதற்கு எரித்ரியா பொறுப்பு என்றது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வந்த கோபம், வேண்டுமென்றே செய்தார்கள் என்று எழுதியிருந்தால்கூட வந்திருக்காது. பகை இருந்தால் பேசித் தீர்க்க ஒரு பொருளாவது இருக்கும். அசட்டையோடு என்ன பேசுவது?

இனி நடந்ததைக் கவனியுங்கள். ஐடர் நடந்து பத்து நாள் முடிவதற்குள், ஜூன் 14-ம் தேதி, இரு நாடுகளும் விமானத் தாக்குதலை நிறுத்திவைக்கச் சம்மதித்தன. அமெரிக்க அதிபர் கிளின்டன் இரு தலைவர்களிடமும் தொலைபேசியில் பேசினார். பாட்மே யாருக்கு என்ற கேள்வியை அந்தச் சம்மதம் தொடவே இல்லை. யார் முதலில் பின்வாங்குவது என்ற கேள்வியையும் தொடவில்லை. ஆகாயத்திலிருந்து குண்டு விழாது, அதோடு சரி. 1999 பிப்ரவரி தொடக்கம் வரை அது தாங்கியது.

அதன் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். அந்த அமைதி மாதங்களில் இரு நாடுகளும் சும்மா இருக்கவில்லை. உலகத்தின் மிக ஏழை நாடுகளில் இரண்டு, ஒன்று மிக்-29 வாங்கியது, இன்னொன்று சுகோய்-27 வாங்கியது. பிப்ரவரியில் சண்டை திரும்பியபோது அந்த விமானங்கள் ஒன்றையொன்று துரத்தின. எத்தியோப்பியா எரித்ரிய வம்சாவளியினரை வீட்டிலிருந்து பிடித்து எல்லை தாண்டித் தள்ளியதை அந்தச் சம்மதம் தடுக்கவில்லை. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். ஸலம்பெஸ்ஸா என்ற எல்லை நகரம் அநேகமாகத் தரைமட்டமானது. அந்தச் சம்மதம் நகரங்களுக்கு ஆகாயத்திலிருந்து வரும் ஆபத்தைத்தான் நிறுத்தியது. பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

நண்பர் ஒருவரோடு இதைப் பற்றிப் பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர் சொல்வது இதுதான்: ஊர்களைக் காப்பாற்றிக் கொடுத்தால் தலைவர்களுக்குப் போர் மலிவாகிவிடும். சொந்த சனம் அலறாதவரை பதுங்குகுழியில் இருக்கும் பையன்களை வைத்து வருஷக்கணக்கில் இழுப்பார்கள். மிக்-29 கதை என் வாதத்துக்கே எதிரானது என்றும் சொல்வார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1988 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஈராக் ஏறக்குறைய 190 ஏவுகணைகளை ஈரானிய நகரங்கள் மேல், பெரும்பாலும் தெஹ்ரான் மேல் வீசியது. லட்சக்கணக்கானவர்கள் தலைநகரைக் காலி செய்தார்கள். அந்த ஜூலையில்தான் போரை நிறுத்தச் சொன்ன ஐ.நா. பாதுகாப்பு அவையின் 598-ம் தீர்மானத்தை ஈரான் ஏற்றது. விஷம் குடிப்பதற்குச் சமம் என்று ஈரானின் உச்சத் தலைவர் கொமேனி சொன்னார். ஆக, நகரங்களை அடித்ததால் போர் முடிந்தது என்று ஒருவர் வாதாட இடம் இருக்கிறது.

இருந்தாலும் கணக்கை முழுசாகப் போட வேண்டும். ஈரான் பிடித்து வைத்திருந்த ஈராக்கின் ஃபாவ் தீபகற்பம் அந்த ஏப்ரலில் அதன் கையைவிட்டுப் போயிருந்தது. கஜானா காலி. வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படை இறங்கியிருந்தது, ஜூலை 3 அன்று அதன் கப்பல் ஒன்று ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் செத்தார்கள். மார்ச்சில் ஈராக் தன் சொந்தக் குடிமக்கள் வாழ்ந்த ஹலப்ஜாவின் மேல் விஷவாயு போட்டு ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்றிருந்தது. அடுத்தது தெஹ்ரானோ என்ற பீதியும் இருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் ஒரு கையெழுத்து. இதில் எந்த ஏவுகணை போரை முடித்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. செத்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டலாம்.

எல்லை என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். நடு நீரோட்டமே எல்லை என்று 1975-ல் அல்ஜியர்ஸில் ஈரானோடு செய்த உடன்படிக்கையை 1980 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டுத்தான் சதாம் உசேன் போரைத் தொடங்கினார். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் படை நுழைந்தபின் ஈரான் பக்கம் தொல்லை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அதே 1975 ஏற்பாட்டுக்குத் தானே திரும்பினார். எட்டு வருஷப் போர், லட்சக்கணக்கில் பிணங்கள், கோடு பழைய இடத்தில்.

நண்பருக்கு நான் எப்போதும் காட்டுவது லெபனானின் 1996 ஏப்ரல் தாளை. அதைவிட விசித்திரமான தாள் ஒன்றை நான் படித்ததில்லை. அந்த மாதம் இஸ்ரேலும் ஹிஸ்புல்லாவும் மோதிக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 18-ம் தேதி கானா என்ற ஊரில் இருந்த ஐ.நா. முகாம்மேல் இஸ்ரேலிய ஷெல்கள் விழுந்தன. அங்கே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எட்டு நாளில் ஓர் உடன்பாடு வந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. லெபனானில் இருக்கும் ஆயுதக் குழுக்கள் இஸ்ரேலுக்குள் ராக்கெட் விடக் கூடாது. இஸ்ரேலும் அதோடு சேர்ந்தவர்களும் லெபனானில் பொதுமக்களைச் சுடக் கூடாது. ஊர்களையும் குடியிருப்புகளையும் தாக்குதலுக்குத் தளமாக்கக் கூடாது. இவ்வளவுதான் சாரம். தெற்கு லெபனானில் இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த பகுதிக்குள் வீரர்கள் ஒருவரை ஒருவர் கொல்வதை அந்தத் தாள் தடுக்கவில்லை. போரை அது சட்டபூர்வமாகவே நடக்கவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஒழுக்கவாதி ஒருவர் படித்தால் முகம் சுளிப்பார்.

ஆனால் புகாரைக் கேட்க ஒரு குழு இருந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், சிரியா, லெபனான், இஸ்ரேல். நகூராவில் உள்ள ஐ.நா. படைத் தலைமையகத்தில் கூடுவார்கள். லெபனான் அதிகாரியும் இஸ்ரேல் அதிகாரியும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து, எந்தக் கிராமத்தில் எந்த நேரத்தில் எந்த ஷெல் விழுந்தது, யார் எங்கிருந்து சுட்டார் என்று சண்டை போடுவார்கள். மீறல்கள் நிறைய நடந்தன. 1999 ஜூனில் பெய்ரூட்டின் மின்நிலையங்களே அடிபட்டன. ஆனாலும் நாலு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட, ஒவ்வொரு மீறலுக்கும் மறுநாள் பதில் சொல்ல வேண்டிய ஓர் அறை இருந்தது. பாக்தாத்திலும் தெஹ்ரானிலும் உட்கார்ந்த குழுக்களுக்கும் இந்த அறைக்கும் பொதுவானது அதுதான். அவர்களால் யாரையும் தடுக்க முடியாது. நடந்ததை மறைக்க முடியாமல் செய்ய மட்டும் முடியும். ராணுவங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்பது என் அனுமானம். இல்லையென்றால் போர் தொடங்கியதும் முதலில் கண்காணிப்பாளர்களை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஏன் முக்கியம் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009-ல் வன்னியில் இலங்கை அரசு தானாகவே 'பாதுகாப்பு வலயம்' அறிவித்தது. அது உள்நாட்டுப் போர், இந்தக் கட்டுரையின் வரம்புக்கு வெளியே. இருந்தாலும் அங்கே நடந்தது எந்தப் போருக்கும் பொருந்தும். புலிகள் அந்த வலயத்தை ஒப்புக்கொண்டு படை விலக்கவில்லை, வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தார்கள். அரசின் ஷெல்கள் வலயத்துக்குள்ளேயே விழுந்தன. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் இந்த இரண்டு குற்றச்சாட்டையும் நம்பத்தகுந்தவை என்றது. சண்டை இல்லா வலயத்தை இரு தரப்பும் சேர்ந்து எழுத்தில் அமைக்க வேண்டும் என்று 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. ஒரு தரப்பு மட்டும் வரைகிற வலயத்தை நம்பிப் போகிற சனம் ஓரிடத்தில் அடைபட்டுவிடும். அந்த வலயத்துக்குள் நடப்பதைப் பார்க்க வெளியாள் ஒருவரும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

போரை முடிப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடிக்கிற விதத்திலும் சனங்கள் சாகிறார்கள். 2006-ல் லெபனான் போரை நிறுத்தும் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை ஆகஸ்ட் 11-ல் நிறைவேற்றியது. சண்டை நின்றது 14-ம் தேதி காலையில். இடையில் இருந்த அந்தக் கடைசி மூன்று நாளில்தான் இஸ்ரேல் போட்ட கொத்துக்குண்டுகளில் 90 சதவீதம் விழுந்தன என்று ஐ.நா.வின் அப்போதைய மனிதாபிமானப் பணித் தலைவர் யான் ஈகலன் சொன்னார். போர் முடிகிறது என்று தெரிந்த பிறகு போட்டவை. வெடிக்காமல் கிடந்த சிறுகுண்டுகள் புகையிலை வயலிலும் ஆலிவ் தோப்பிலும் வருஷக்கணக்கில் ஆளைக் கொன்றன. உடன்பாடு எட்டிய நேரத்துக்கும் அமலுக்கு வரும் நேரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பேச்சுவார்த்தைக்காரர்கள் நிர்வாக வசதி என்று நினைக்கிறார்கள். பீரங்கிக்காரருக்கு அது கிடங்கைக் காலி செய்யும் நேரம்.

கண்ணிவெடி வரைபடம் இன்னொன்று. எங்கே புதைத்தோம் என்ற தாள் ராணுவத்திடம்தான் இருக்கும். போர் நின்றதும் மறுநாளே கொடுக்க வேண்டிய தாள். நடைமுறையில் அது பேரம் பேசும் சரக்கு. அசர்பைஜானும் ஆர்மீனியாவும் 2020-ல் போர் நிறுத்தம் செய்தன. 2021 ஜூனில்தான், அசர்பைஜானின் அக்டம் மாவட்டத்தில் புதைத்த 97,000 கண்ணிவெடிகளின் வரைபடத்தை ஆர்மீனியா கொடுத்தது. பதிலுக்கு அசர்பைஜான் 15 கைதிகளை விடுவித்தது. ஜார்ஜியா நடுவில் நின்றது. ஊருக்குத் திரும்ப நினைத்தவரின் காலும், சிறையில் இருந்தவரின் விடுதலையும் ஒரே தராசில். இரண்டையும் போர்நிறுத்தத் தாளிலேயே, தேதி போட்டு, நிபந்தனை இல்லாமல் எழுதிவிட முடியாதா என்று கேட்டால் ராஜதந்திரிகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோர்ட்டுக்குப் போனால் தீருமே என்பவர்களுக்கு மறுபடியும் பாட்மே. 2000 ஜூனில் சண்டை நின்றது, டிசம்பர் 12-ல் அல்ஜியர்ஸில் சமாதான ஒப்பந்தம். எரித்ரியப் பக்கம் 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு மண்டலம், 4,200 பேர்வரை ஐ.நா. படை. காகிதத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு அபூர்வம். எல்லை ஆணையத்தின் முடிவே இறுதி, கட்டுப்படுவோம் என்று இரு நாடும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தன. 2002 ஏப்ரல் 13-ல் தீர்ப்பு வந்தது. பாட்மே எரித்ரியாவுக்கு என்றானது. எத்தியோப்பியா இடத்தைவிட்டு நகரவில்லை. எல்லைக் கற்கள் நடப்படவில்லை, கடைசியில் ஆணையம் வரைபடத்தில் மட்டும் புள்ளிகளைக் குறித்துவிட்டு ஒதுங்கியது. 2008-ல் ஐ.நா. படையும் போய்விட்டது. நஷ்டஈட்டு ஆணையம் 2009-ல் இரு நாடும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு முடித்தது. ஒன்றுக்கு ஏறக்குறைய 17.4 கோடி டாலர், இன்னொன்றுக்கு 16.3 கோடி. கழித்துப் பார்த்தால் 1 கோடி டாலர் சொச்சம். பல்லாயிரம் உயிர் போன ஒரு போரின் நிகர பாக்கி! 2018 ஜூலையில் இரு தலைவர்களும் கட்டித் தழுவினார்கள், செப்டம்பரில் எல்லை திறந்தது, இருபது வருஷம் பிரிந்திருந்த உறவுகள் ஒருவரையொருவர் பார்த்தன. சில மாதத்தில் சாவடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. 2020-ல் எத்தியோப்பியாவின் வடக்கே, எல்லையை ஒட்டிய திக்ராயில் போர் வந்தது, எரித்ரியப் படை எல்லை தாண்டி உள்ளே வந்தது, அந்த எல்லைச் சனமே மறுபடியும் அடிபட்டது.

தீர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்புக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடுகிறது. அந்த நடுக்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் என் கேள்வி.

இதற்கு ஓரளவு பதில் காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டில் கிடைத்தது. 2003 நவம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே துப்பாக்கியை நிறுத்தின. சில வருஷம் நன்றாகப் போனது, பிறகு தேய்ந்தது. 2020-ல் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட மீறல்கள் என்று இந்திய அரசு கணக்குச் சொன்னது. பாகிஸ்தானும் தன் பங்குக்கு ஒரு பெரிய எண்ணைச் சொன்னது. 2021 பிப்ரவரி 25-ல் இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை அதிகாரிகள் ஹாட்லைனில் பேசி, சின்னதாக ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். காஷ்மீர் யாருக்கு என்பதில் அன்றும் மறுநாளும் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஷெல்லடி அநேகமாக நின்றேவிட்டது. பூஞ்ச், உரி பக்கமும், எதிரே நீலம் பள்ளத்தாக்கிலும் பயமில்லாமல் வயலுக்குப் போனார்கள்.

2025 மே மாதம் அது உடைந்தது. மே 7-ம் தேதி பூஞ்ச் நகரத்தில் பாகிஸ்தான் ஷெல்லடியில் பன்னிரண்டு பேருக்கு மேல் செத்தார்கள். பாகிஸ்தான் பக்கமும் பொதுமக்கள் செத்தார்கள். 10-ம் தேதி பிற்பகல் 3.35-க்கு அதே அதிகாரிகள் மட்டத்தில் தொலைபேசி பேச்சு, மாலை 5 மணியிலிருந்து நிறுத்தம் என்று இந்தியா அறிவித்தது. பேசிய நேரத்துக்கும் நிறுத்தும் நேரத்துக்கும் நடுவே ஒன்றரை மணிநேரம்கூட வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அன்றிரவு மீறல் புகார்கள் வந்தன, அப்புறம் அடங்கியது.

நண்பர் விடுவதாக இல்லை. "நாலு வருஷம்தானே தாங்கியது, அதற்கு இவ்வளவு புகழாரமா?" என்கிறார். 2021-ல் பூஞ்ச்சில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பங்கருக்குள் ஓடாமல் ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறது என்றேன். அதற்கு என்ன விலை கொடுத்தோம், என்ன நிலம் விட்டோம் என்றும் கேட்டேன். அவர் மறுபடியும் மிக்-29 பக்கம் போய்விட்டார். இந்த வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.